பெண்ணுக்கும் சார்தான்

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்தில் பாடம் சொல்லித் தருகிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'சார்'தான். நாகர்கோவிலுக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சேலை கட்டி, தலையில் பூ வைத்து, குடையோடு நடந்துபோகும் கணக்கு டீச்சரின் பின்னால் ஒரு பட்டாளம் பிள்ளைகள் 'சாரே, சாரே' என்று ஓடும். எங்கள் ஊரில் யாருக்கும் அது விசித்திரமாகப் படாது. அந்தச் சொல்லுக்கு அங்கே ஆண்பால், பெண்பால் கிடையாது. ஆனால் வேறொரு பிரிவு அதற்கு உண்டு என்பதை நான் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த வருஷங்களில் தெரிந்துகொண்டேன்.

அங்கே பாடம் சொல்லித் தந்தது நான்தான். புதிதாகச் சேருகிறவர்களின் விரலைப் பிடித்து எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று பழக்கியது நான். லோயர் பரீட்சைக்கு உட்காருகிறவர்களைத் திட்டித் திட்டி வேகம் ஏற்றியதும் நான். ஆனால் என்னை ஒருவரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. நான் 'அக்கா'. இதைச் சொன்னால், "அக்கா என்கிறதுல என்ன கொறை? எவ்வளவு பிரியமுள்ள சொல்லாக்கும் அது" என்பார்கள். பிரியம் உண்டுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பிரியம்தான் என்னைக் கடைசிவரை ஒரே இடத்தில் உட்கார்த்தி வைத்தது.

இன்ஸ்டிட்யூட், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. அப்போது ஊரே கல்ஃப் கல்ஃப் என்று பிதற்றிக்கொண்டிருந்த காலம். பக்கத்து ஊர்களான கொல்லயிலிலும் காரோட்டிலும் கொத்து வேலைக்காரன், தச்சன், மீன் பிடிக்கிறவன் என்று வீட்டுக்கு ஒருவன் கிளம்பிக்கொண்டிருந்தான். டைப்பிங் தெரிந்தால் அங்கே வெயிலில் நிற்க வேண்டாம், ஆபீசில் ஏசியில் உட்காரலாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மீசை முளைத்த ஆம்பிளைகள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து, கடப்பாரை பிடித்த விரலால் 'ஏ எஸ் டி எஃப்' அடிப்பார்கள். மெஷினுக்கு வலித்திருக்கும். கீழே ஜவுளிக்கடைக்காரர் மேல்தளம் இடிந்துவிடும் என்று பயந்து அடிக்கடி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார்.

இன்ஸ்டிட்யூட்டின் உரிமையாளரைப் 'பெரிய சார்' என்று எல்லாரும் சொல்வோம். அவரும் கல்ஃபிலிருந்து திரும்பியவர்தான். பஹ்ரைனில் ஒரு கம்பெனி ஆபீசில் கிளார்க்காக இருந்துவிட்டு, தகப்பனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் வந்தவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். உரக்கப் பேச மாட்டார். நான் பார்த்த மனிதர்களில் யோக்கியமானவர் என்று ஒரு பத்துப் பேரைச் சொல்லச் சொன்னால் அவரையும் சொல்வேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பிறகு சொல்லப்போவதைக் கேட்டு அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவர் குடும்பத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் பழைய தொடர்பு. அவருடைய தகப்பனார் ஒரு பெரிய ஜன்மியிடம், அதாவது பரம்பரை நிலக்காரரிடம், நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிப் பயிர் செய்தவர். அந்த நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அதிலேயே கூலி வேலை செய்தவர்கள் எங்கள் ஆட்கள். நிலச் சட்டம் வந்தபோது குத்தகைக்காரர்களுக்கு வயலும் தென்னை நிற்கும் விளையும் சொந்தமாயிற்று. எங்களைப் போல 'குடிகிடப்பு'க்காரர்களுக்கு, குடிசை நின்ற இடத்தைச் சுற்றிப் பத்து சென்ட் கிடைத்தது. வேறு இடங்களில் அந்தப் பத்து சென்ட்டுக்காகக் கேஸ், வேலி பிடுங்கல், தலை உடைப்பு எல்லாம் நடந்தது. எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய தகப்பனார் தாமாகவே வந்து, "எந்த மூலையில வேணும்னு பறயணும்" என்று கேட்டு அளந்து விட்டார். என் அப்பா சாகும்வரை அதைச் சொல்லிக் கைகூப்பினார். சட்டம் கொடுத்ததை மனிதன் கொடுத்ததாக நினைத்துக் கும்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இப்போதும் உண்டு.

பெரிய சாரும் அப்படித்தான் நினைத்தார். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "இது நம்ம பத்து சென்ட்டுல உள்ள பிள்ளையாக்கும்" என்பார். அதில் பெருமைதான் இருக்கும், இளக்காரம் ஒரு துளி இருக்காது. இரண்டு வீட்டாரும் மிஷன் சபைக் கிறிஸ்தவர்கள். பாட்டுப் புத்தகம் ஒன்று, கோவில் வேறு வேறு. எங்கள் கோவில் பள்ளத்தில், அவர்களுடையது மேட்டில். யாரும் பிரித்ததாக ஞாபகம் இல்லை, ஜெபிக்கப் போகும்போது கால் தானாக அந்தந்தப் பக்கம் திரும்பும். சாதி என்ற சொல்லை அந்த மாடியில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அங்கே படிக்கத்தான் போனேன். எங்கள் வீடு பக்கமாக இருந்ததால் காலையில் முதலில் வந்துவிடுவேன். அதனால் சாவி என்னிடம் வந்தது. சாவி வந்ததால் கதவைத் திறந்ததும் கூட்டிப் பெருக்குவது என்னிடம் வந்தது. பிறகு மெஷின்களின் உறையை எடுப்பது, எண்ணெய் விடுவது, குடத்தில் தண்ணீர் கொண்டு வைப்பது. துடைப்பத்தை யார் என் கையில் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அதுவாக நடந்து வந்திருக்க வேண்டும். ஹையர் பாஸ் செய்து, எனக்கு அங்கேயே வேலை கிடைத்த பிறகும் துடைப்பம் என்னை விட்டுப் போகவில்லை.

எனக்குப் பிறகு, ஷார்ட்ஹேண்ட் சொல்லித்தர காரோட்டிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். வந்த அன்றே அவர் 'சார்'. அவருக்குப் பிறகு, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பிரதான சாலையில் வீடு, அப்பா ஸ்கூல் வாத்தியார். அவளை நான்தான் ஹையருக்குப் பழக்கினேன். பாஸாகி, மறு வாரம் வகுப்பெடுக்க நின்றாள். முதல் நாள் காலையில் ஒரு பையன், "சாரே, ரிப்பன் குடுங்கிப்போயி" என்று அவளைக் கூப்பிட்டான். ரிப்பன் சிக்கினால் எடுக்க அவளுக்குத் தெரியாது. அவள் திரும்பி, "அக்கா, இங்க ஒண்ணு வாங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போய் எடுத்துக் கொடுத்தேன். கையெல்லாம் மை. அந்தப் பையன் அவளுக்கு, "தேங்க்ஸ் சார்" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊருக்கே தெரியும். அன்று சாயங்காலம் பெரிய சாரிடம் நேராகக் கேட்டுவிட்டேன்.

"சார், எல்லாவரையும் சார்னு கூப்பிடுதாவ. நேத்து வந்த பிள்ளையையும் கூப்பிடுதாவ. எனக்க பேரு மட்டும் ஏன் அக்கா?"

அவர் சிரித்தார். "மக்கா, அது சினேகமாக்கும். உன்னைய அவனுவ வீட்டு ஆளுபோல நினைக்கானுவ."

"எந்த வீட்டுக்கு?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஏதாவது உறைத்தால் கண்ணாடியைத் துடைப்பார்.

பஹ்ரைனில் அவருக்கு நேர்ந்த ஒன்றை நாங்கள் எல்லாரும் பல தடவை கேட்டிருக்கிறோம். அவருடைய ஆபீசில் மானேஜர் ஒரு வெள்ளைக்காரன். தங்கமான மனுஷன், பிறந்த நாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேக் கொடுப்பான். ஆனால் ஒரு மேல் வேலை காலியாகும்போதெல்லாம் அவன் கண்ணுக்கு வெள்ளைக்காரப் பையன்கள்தான் தெரிவார்கள். இவர் சொல்லிக்கொடுத்து வேலை பழகியவனே இவருக்கு மேலதிகாரியாக வந்தான். "அவன் துஷ்டன் இல்ல கேட்டியளா. அவனுக்கே அது தெரியாது. அவனுக்க பார்வை அப்படிப் பழகிப்போச்சு" என்று சொல்லும்போது பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கேட்கிற எங்களுக்கும் கண் கலங்கும். எனக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கைக்கு அந்தக் கதைதான் காரணம். அடி வாங்கியவனுக்கு அடி தெரியும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அவருக்கு மறுபடி விசா வந்தது. அவர் போய்விட்டால் இன்ஸ்டிட்யூட்டைப் பொறுப்பேற்று நடத்த ஓர் ஆள் வேண்டும். பெரிய சாரின் நாற்காலியில் உட்கார்ந்து, சேர வருகிறவர்களின் அப்பா அம்மாவிடம் பேசி, பரீட்சைக்கு அனுப்பும் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடும் ஆள். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. ராத்திரி படுக்கும்போதும் காலையில் எழும்போதும் அதே நினைப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளை அக்கா என்று கூப்பிட ஒருத்தனுக்கும் நாக்கு வராது என்று நம்பினேன். அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால், "இது முடியட்டும்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

பெரிய சார் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். நான் கேட்ட கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். "பஹ்ரைன்ல எனக்குச் செய்ததை நான் இங்க ஒருத்தருக்கும் செய்யப்பிடாது" என்றார். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். மூன்று பேரும் ஒரே பக்கத்தை அடிக்க வேண்டும். ஒரு கடிதம், ஒரு அட்டவணை, கையால் திருத்தி அலங்கோலமாகக் கிடந்த ஒரு பழைய பத்திரம். பெயர் போடக் கூடாது. சீட்டுக் குலுக்கி எடுத்த எண்ணை மட்டும் மூலையில் அடிக்க வேண்டும். அவர் வெளியே போய்விடுவார். யாருடையது எது என்று தெரியாமல் பார்த்துச் சொல்வார்.

அன்று அவரைக் கும்பிட்டிருப்பேன். அப்பா அவருடைய தகப்பனாரைக் கும்பிட்டதைக் கேலி செய்கிற நான்தான்.

அடித்துக் கொடுத்தோம். மறுநாள் காலையில் தாள்களோடு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். வகுப்பில் இருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இதைப் பாருங்க. இதுல ஒரு பதற்றம் உண்டா? எழுத்து ஒக்க ஒரே அழுத்தம். மார்ஜின் பாருங்க. இது நல்ல வீட்டுல வளர்ந்த கையாக்கும். பாத்தாலே தெரியும், சின்னதுலேயே புஸ்தகமும் பேப்பரும் கண்டு வளர்ந்த கை."

எல்லாரும் நெய்யாற்றின்கரைப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்துபோய், "அது எனக்குள்ளது இல்ல சார்" என்றாள். அவர் காரோட்டு இளைஞரைப் பார்த்தார். அவரும் தலையை ஆட்டினார். நான் என் சீட்டை நீட்டினேன்.

ஒரு நொடிதான். பெரிய சார் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். "எனக்க மக்கா" என்றார். பிள்ளைகளிடம் திரும்பி, "கண்டியளா? பழக்கினா யாரு வேணும்னாலும் வரலாம். நான் இந்தப் பிள்ளையை எங்கயிருந்து எடுத்துப் பழக்கினேன் தெரியுமா?" என்றார்.

நல்ல வீட்டுக் கை ஒரே நொடியில் பழக்கின கையாகிவிட்டது. தாள் அதே தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்த வார்த்தை எங்கே குத்தியது என்று வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் தெரிந்தது. தெரிந்தும், முதலாவதாக வந்திருக்கிறேன், இனி என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மத்தியானம் என்னைத் தனியே உட்காரச் சொன்னார்.

"மக்கா, டைப்பிங் மட்டும் போராதுல்லா? இது ஒரு ஸ்தாபனம் இல்லியா. தகப்பனும் தள்ளையும் வரும்போ ஒரு எடுப்பு வேணும். ஆம்பிளப் பிள்ளையளு கொஞ்சம் பயப்படணும். உன்னைய அவனுவளுக்குப் பழகிப்போச்சு. இனி மாத்த ஒக்குமா?"

"முதல்ல இதைச் சொல்லல்லியே சார். அடிச்சுப் பாத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்னுதானே சொன்னிய."

"அடிச்சதுல நீதான் ஒண்ணாவது. அதுல மாற்றமே இல்ல. நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்." அவர் கண் நிறைந்துவிட்டது. "நீ இங்க உண்டுங்குற தைரியத்துலதான் நான் போறதே. நாற்காலியில அந்த வாத்தியார் மகளை இருத்துறேன், அதுக்கு ஒண்ணும் அறியாது. நீ கூட நிக்கணும்."

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். என்னை அவர்களுக்குப் பழகிப்போனதற்கும் நானே பொறுப்பாகிவிட்டேன். அவரிடம் பஹ்ரைன் வெள்ளைக்காரனைப் பற்றிக் கேட்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. அவன் வேறு, இவர் வேறு என்று மனப்பூர்வமாக நம்பினார். அவன் பரீட்சை வைக்கவில்லை, இவர் வைத்தாரே.

வீட்டில் வந்து அழுதேன். அம்மா மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்க வேலை போவல்லியே? பின்ன என்னத்துக்கு அழுகே?" என்றாள். அம்மா சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கணக்கில் ஒன்றும் குறையவில்லைதான்.

அவர் போனார். நெய்யாற்றின்கரைப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல பெண். தனக்கு இது நியாயமாக வந்ததல்ல என்று அவளுக்கு உறுத்தல் இருந்தது. ஒரு நாள் என்னிடம், "அக்கா, நான் என்னமாவது செய்யணும்னா பறயணும்" என்றாள். என்னையும் 'சார்' என்று கூப்பிடப் பிள்ளைகளிடம் சொல் என்றேன். மறுநாளே எல்லாரையும் நிறுத்திச் சொன்னாள். வாத்தியார் மகள், நன்றாகவே எடுத்துச் சொன்னாள். பாடம் சொல்லித் தருகிறவர் எல்லாரும் ஒன்றுதான், இனி அக்காவைச் சார் என்றுதான் கூப்பிட வேண்டும், மறக்கக் கூடாது என்றாள். அவளே 'அக்காவை' என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

பிள்ளைகளும் முயற்சி செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் ஒருத்தன் வாய் குழறி, "அக்கா சாரே" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் அதுவே பெயராகிவிட்டது. அக்கா சாரே, பேப்பர் தீர்ந்துபோச்சு. அக்கா சாரே, குடத்துல வெள்ளம் இல்ல. கீழே ஜவுளிக்கடைக்காரர்வரை அந்தப் பெயர் போய்விட்டது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, நானே, "வேண்டாம் மக்களே, பழையபடி கூப்பிடுங்க" என்று கெஞ்சினேன். உடனே கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. காரோட்டு இளைஞர் அதற்கு முன்பே குவைத்துக்குப் போய்விட்டார். பெரிய சார் விடுமுறையில் வந்தபோது மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். சுற்றிப் பார்த்தார். தரை பெருக்கியிருந்தது, மெஷினெல்லாம் துடைத்திருந்தது. மிகவும் திருப்தி அவருக்கு. எனக்கு ஒரு சேலைத் துணியும் சோப்பும் கொண்டு வந்திருந்தார்.

"ஒரு ஆளு கிட்டுறது வரைக்கும் மக்கா நீ நோக்கிக்கோ" என்றார்.

ஒப்புக்குச் சப்பாணியாக அப்படித்தான் நான் பொறுப்புக்கு வந்தேன். ஆள் கிட்டும்வரை. ஆள் யாரும் கிட்டவில்லை, அவர் தேடவும் இல்லை. வருஷங்கள் போயின. பரீட்சைக்குக் கையெழுத்துப் போட்டேன், வாடகைக்காக ஜவுளிக்கடைக்காரரோடு சண்டை போட்டேன், பழைய மெஷினைக் கழித்துப் புதியது வாங்கினேன். நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். அடுத்த விடுமுறையிலும் அவர் அதையே சொன்னார், அதற்கடுத்த விடுமுறையிலும். நான் ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். நெய்யாற்றின்கரையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் நான் அடித்ததைப் பார்த்து, "கொள்ளாம், நல்லாயிருக்கு" என்று தலையாட்டினார். பிறகு மலையாளத்தில், வீட்டுப்பேர் என்ன, எந்தச் சபை என்று கேட்டார். சொன்னேன். காலையில் சீக்கிரம் வந்து கதவு திறக்க முடியுமா என்று கேட்டார்.

என் தங்கை மகள் இப்போது திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவர்கள் ஆபீசில் இதற்கென்றே ஒரு வகுப்பு வைத்தார்களாம். மனசுக்கே தெரியாமல் மனசுக்குள் இருக்கும் பாரபட்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் குறைப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லித் தந்தார்களாம். பெயரை மறைத்துவிட்டு ஆளைத் தேர்வு செய்வது நல்ல வழி என்றார்களாம். "கொள்ளாம்" என்றேன். நடுவில் சாயாவும் கட்லெட்டும் கொடுத்தார்களாம். அதை யார் கொண்டுவந்து கொடுத்தது, அவர்களும் உட்கார்ந்து வகுப்பைக் கேட்டார்களா என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "நான் கவனிக்கல்ல பெரியம்மா" என்றாள். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

நான் பொறுப்பில் இருந்த அந்த வருஷங்களில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பள்ளத்துக் கோவிலில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண் ஒருத்தி, பத்தாம் வகுப்பு முடித்த தன் மகளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். எங்கள் ஆட்களில் ஒரு பெண் பிள்ளை அங்கே சேர வருவது எனக்குப் பின் அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளையை எப்படிப் பழக்க வேண்டும், எதைச் செய்யவிடக் கூடாது என்றெல்லாம் அவர்கள் படியேறி முடிப்பதற்குள் நினைத்துவிட்டேன். துடைப்பத்தைத் தொடவிடக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"சார் இல்லியா மக்கா?" என்றாள்.

"வாங்க. என்ன விஷயம்?"

"பிள்ளையைச் சேர்க்கணும். சார் எப்ப வருவாவ?"

"நான்தான் இங்க எல்லாம் நோக்குதேன். இவளை நான் படிப்பிக்குதேன். வந்து இரிங்க."

அவள் சிரித்தாள். நான் ஏதோ வேடிக்கைக்குச் சொன்னதுபோல. "அது எங்களுக்கு அறியாதா? உன்னைய நாங்க தினமும் காணுதோமே. நீ பழக்குனா மதின்னா இவ்வளவு தூரம் எதுக்கு வரணும், வீட்டுலவச்சே சொல்லித் தருவியே." பெஞ்சின் ஓரத்தில் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். "சார் வரட்டும். ஒரு சாருக்க வாயிலிருந்து நாலு வார்த்தை கேட்டாத்தான் பிள்ளை உருப்படும்."

சார் வரமாட்டார், பஹ்ரைனில் இருக்கிறார், இங்கே நான்தான் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் அதுவரை சொன்னதே இல்லை. சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயமாக இருந்தது. "இன்னைக்கு வரமாட்டாவ" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள். நெய்யாற்றின்கரையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு சார் இருக்கிறாராம், அங்கே கொண்டுபோகிறேன் என்றாள். என்மேல் வருத்தம் எதுவும் இல்லை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள், நான் நாற்காலியிலேயே இருந்தேன். யாராவது ஒரு சார் வந்து இதில் உட்கார்ந்துவிட்டால் தேவலை என்று எனக்கே தோன்றியது.